கொழுப்பு மேடத்தின் குதிகால்

பொத்தேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் துறையில் பாடங்களைப் பங்கு பிரித்தார்கள். சர்க்கரையை ஒருவர் எடுத்துக்கொண்டார், புரதத்தை இன்னொருவர். வைட்டமின்கள் யாருக்கு என்பதில் சின்னச் சண்டையே நடந்தது. யாரும் தொடாமல் கிடந்தது லிப்பிட். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவள் போல, மிச்சமிருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து கொழுப்பு உடம்பில் எப்படி உருவாகிறது, எப்படிப் பயணம் போகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்பதைத் தவிர வேறெதையும் நான் பெரிதாக நடத்தியதில்லை. மாணவர்கள் முகத்துக்கு நேரே 'மேம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கொழுப்பு மேடம்'. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பொருளிலும் அது எனக்குப் பொருந்தும் என்பதுதான் ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது.

பாடத்தைக் கல்லூரியோடு விட்டுவிட்டு வருகிற வழக்கம் எனக்கு இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டில் எந்த எண்ணெய் வாங்குகிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. லிஃப்டில் யாராவது நெய் டப்பாவோடு ஏறினால் அவர்கள் மாடி வருவதற்குள் நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தைப் பற்றி ஒரு சின்ன வகுப்பு எடுத்துவிடுவேன். சிலர் என்னைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போனார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று நான் முன்பு சொன்னதைக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டில் தாளிக்கிற எண்ணெய்க்கு ஒரு டீஸ்பூன் உண்டு. என் கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேசாதவர். ரயிலைவிட்டு இறங்கியதும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பஜ்ஜிக் கடையில் நின்று தன் வாழ்க்கையைச் சமன் செய்துகொண்டு வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வாசனை வந்துவிடும். "ஒரே எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய்ச்சுறான். அதுல என்னென்ன உருவாகும் தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். அவர் கைகால் கழுவப் போய்விடுவார். திரும்பி வரும்போது நான் எங்கே விட்டேனோ அங்கிருந்து தொடர்வேன்.

ஆனால் என் முழுத் திறமையையும் நான் காட்டியது என் தம்பியிடம்தான். கோவிலம்பாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். எங்கள் அம்மா அவனோடு இருக்கிறாள். தம்பிக்குப் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரியாணி. ஒருநாள் அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "எப்பப் பாரு லிப்பிட் லிப்பிட்ங்கிற. அப்படின்னா என்னதான் அக்கா?" என்றான்.

"தண்ணியில கரையாது. உன் கடையில விக்கிற தின்னர் மாதிரி சாமான்ல கரையும். அதுதான்டா லிப்பிட். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால் எல்லாம் அதுல சேர்த்தி."

"அப்ப தின்னர் ஒரு டம்ளர் குடிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் கரைஞ்சிடுமா?"

நான் முறைத்தேன். அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மேடவாக்கத்தில் ஒரு உறவினர் திருமணத்தில் அவன் இரண்டாவது முறை நெய்ச்சோறு வாங்கியதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பந்தியில், அவன் மாமனார் வகையறா எல்லோரும் உட்கார்ந்திருக்க, ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு எப்படிப் படியும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவனுடைய இலையையே படமாகப் பயன்படுத்தினேன். சாம்பார் ரத்தம், அப்பளத் துண்டு அடைப்பு. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "எனக்கு இருக்கிறது உடம்புல அக்கா. உனக்கு இருக்கிறது வாய்ல" என்றான். பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார். நான் ரசம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இவ்வளவு பேசியவள் என் ரத்தத்தில் கொழுப்பைச் சோதித்துப் பார்த்ததே இல்லை. சர்க்கரை பார்த்திருக்கிறேன், தைராய்டு பார்த்திருக்கிறேன். கொழுப்பைப் பார்க்கவில்லை. எனக்கு எதற்கு? ஒல்லியான உடம்பு. முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துத் தெருப்பூனைக்கு வைக்கிறவள். காலையில் சேலையூர் ஏரிப் பக்கம் நடக்கிறவள். பாடம் நடத்துகிறவளிடமே பரீட்சைத்தாளை நீட்டுவது மரியாதையாக இருக்காது என்று என் உடம்பு நினைத்துக்கொள்ளும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு, செருப்பு. பின்பக்கம் மூடிய எந்தக் காலணியும் எனக்குச் சேராது. குதிகாலுக்கு மேலே உரசி உரசிப் புண்ணாகிவிடும். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் மூன்று ஜோடிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "மேடம், செருப்பு மேல மிஸ்டேக் இல்ல. உங்க கால் கொஞ்சம் தடிப்பா கீது, அதான்" என்று அவர் ஒருமுறை சொன்னபோது, தோற்றுப்போன வியாபாரியின் சாக்கு என்று எடுத்துக்கொண்டு கடையை மாற்றினேன். பிறகு பின்பக்கம் திறந்த செருப்புக்கு மாறிவிட்டேன். இமை ஓரத்தில் வெளிறிய மஞ்சளாக ஒரு சின்னத் திட்டும் வந்திருந்தது. வயதானால் வரும் என்று அதன் மேல் பவுடர் பூசினேன். அது என்ன என்று என் பாடத்திலேயே படத்தோடு இருக்கிறது.

கொலஸ்ட்ரால் வகுப்பு நடந்த நாளுக்கு வருகிறேன். அது எனக்குப் பிடித்த வகுப்பு. கொலஸ்ட்ராலை எல்லோரும் திட்டுகிறார்களே என்று அதற்காக வாதாடுவதில் தொடங்குவேன். அது இல்லாவிட்டால் செல்லின் சவ்வு உறுதியாக நிற்காது. பித்த உப்பு கிடையாது, அது இல்லாமல் நாம் தின்கிற எண்ணெய் செரிக்காது. பாலியல் ஹார்மோன்கள் கிடையாது என்று சொன்னால் பின்பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் சாப்பாட்டிலிருந்து வருவது கொஞ்சம்தான், பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரலே, தயாரித்துக்கொள்கிறது என்பேன். ரத்தம் தண்ணீர் மாதிரி, கொழுப்பு அதில் கரையாது, அதனால் புரத உறை போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும் உருண்டைகளில் ஒன்றுதான் எல்.டி.எல். அதை உள்ளே இழுத்துக்கொள்ளச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருக்கின்றன. சில குடும்பங்களில் அந்த ஏற்பிக்கான மரபணுவில் கோளாறு. ஏற்பிகள் பாதிதான் வேலை செய்யும். உள்ளே போக முடியாத எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து சுற்றும். இதயத்தின் குழாயில் படியும், இமையில் படியும், தசைநாணில் படியும்.

இந்த இடத்தில் திரையில் ஒரு குதிகாலின் படம் வரும். பின்னங்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் தசைநாண் மெல்லிய கயிறு மாதிரி இருக்க வேண்டும். படத்தில் இருப்பவருக்கு அது தாம்புக்கயிறு மாதிரி தடித்திருக்கும்.

அன்று புரொஜெக்டர் மங்கலாக இருந்தது. "தெரியல மேம்" என்றார்கள். உடற்கூறியலில் இன்னும் கால் நடத்தவில்லையாம். எனக்கு உற்சாகம் வந்தால் நிறுத்த முடியாது. "இதுக்கு எதுக்குப் படம்?" என்று செருப்பைக் கழற்றினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் காலை வைத்து, புடவையைக் கணுக்காலுக்கு மேலே சற்றுத் தூக்கினேன். "பாருங்க. இதுதான் நார்மல் தசைநாண். இப்ப ஸ்லைடைப் பாருங்க. வித்தியாசம் தெரியுதா?"

நான் இன்னும் கொஞ்சம் காலைத் திருப்பிக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு பெண் என் காலையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். எப்போதும் சந்தேகம் கேட்கிறவள். அன்று கேட்பதா வேண்டாமா என்று தவித்தாள்.

"என்னம்மா?"

"மேம்... வித்தியாசம் தெரியல மேம்."

"நல்லா பாரு."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மேம்" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது. "சாரி மேம்."

குனிந்து பார்த்தேன். வாழ்க்கையில் என் குதிகாலைப் பின்பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. யார்தான் பார்ப்பார்கள்? விரல்களால் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாக, மேடுபள்ளமாக, என் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. நூற்றுக்கணக்கான கண்கள் என் காலின் மேல். நாற்காலியிலிருந்து காலை இறக்கும்போது புடவைக் கரை நாற்காலியில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நின்றபடி அதை விடுவித்துவிட்டு, "செருப்பு உரசி உரசி வீங்கியிருக்கு" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அடுத்த ஸ்லைடில் இமை இருந்தது. அதையும் வேகமாகத் தள்ளினேன்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கக் கூச்சம். அங்கே எல்லோரும் என்னிடம் படித்தவர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போக முடிவு செய்தேன். ஆனால் உடனே போகவில்லை. ஒரு வாரம் எண்ணெயே இல்லாமல், ஓட்ஸும் கொள்ளும் தின்று தயார் செய்துகொண்டு போனேன். பரீட்சைக்கு முந்தின நாள் விழுந்து விழுந்து படிக்கும் மாணவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"இன்னா மேடம், வெறும் வயித்துலதான வந்துகீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ரத்தம் எடுக்கிற பெண் என் கையைப் பிடித்தாள்.

"ஒரு வாரமா வெறும் வயிறுதான்மா" என்றேன். அவள் சிரித்தாள்.

இருநூறுக்குள் இருக்க வேண்டிய மொத்தக் கொலஸ்ட்ரால் முந்நூறைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு எல்.டி.எல். துணைக்கு வந்த என் கணவரும் சும்மா இருப்பானேன் என்று ரத்தம் கொடுத்திருந்தார். அவருக்கு எல்லாம் நார்மல். நான் செய்த முதல் காரியம், குழாய்கள் மாறிப்போய்விட்டன என்று அந்த நிலையத்தில் போய்ச் சண்டை போட்டது. "மேடம், அவரு டியூப்புல நான்தான் பேர் ஸ்டிக்கர் ஒட்டினேன், உங்களுதும் அப்டித்தான்" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல நம்பவில்லை. வேறொரு நிலையத்துக்குப் போனேன். அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அன்று மாலை கணவர் பஜ்ஜி வாசனையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவரை அதிகம் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னார்.

எங்கள் கல்லூரி மருத்துவமனையில் பொதுமருத்துவத்தில் இருக்கும் ஒரு டாக்டரிடம் போனேன். என்னிடம் படித்தவள். என் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள், இமையைப் பார்த்தாள், முழங்கை மூட்டுகளையும் விரல்களையும் நீவிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவள் மாத்திரை எழுதத் தொடங்கியதும் நான் பேரம் பேசினேன்.

"மூணு மாசம் டைம் குடும்மா. சாப்பாட்டுலயே குறைச்சிடறேன்."

"இதுக்கு மேல எதக் குறைப்பீங்க மேம்? நீங்கதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, கொலஸ்ட்ராலப் பெரும்பாலும் செய்றது கல்லீரல்னு. இது நீங்க தின்னதால வந்தது இல்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை ஸ்டாட்டின் மாத்திரை தடுக்கும். உள்ளே வரத்து குறைந்ததும் கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ள அதிக ஏற்பிகளை வெளியே நிறுத்தும். எல்.டி.எல். குறையும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். என் வாயில் போடச் சொன்னதும், ஊர்ப் பேச்சில் கேட்ட அத்தனை வதந்தியும் ஞாபகம் வந்தது. கல்லீரல் கெட்டுவிடும், ஞாபகமறதி வரும், ஆரம்பித்தால் விடமுடியாது. லிஃப்டில் என்னிடம் இதையெல்லாம் சொன்னவர்களை நான் எப்படிக் கேலி செய்திருக்கிறேன்!

பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "மேம், உங்க அப்பா...?" என்று கேட்டாள்.

என் அப்பா நாற்பத்தொன்றில் இறந்தார். அலுவலகத்துக்குக் கிளம்பி, தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போது உட்கார்ந்தவர் எழவில்லை. நான் அப்போது பள்ளியில் இருந்தேன். வேலைப் பளு என்றார்கள், சிகரெட் என்றார்கள், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். மருத்துவக் கல்லூரியில் இத்தனை காலம் இதே நோயை நடத்தியவளுக்கு அந்தப் படிகளையும் இந்தப் பாடத்தையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. டாக்டரின் மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். அவள் என்னை அவசரப்படுத்தவில்லை.

"கூடப் பிறந்தவங்க, பொண்ணு, எல்லாரும் பாக்கணும் மேம்" என்றாள் கடைசியில். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னாள், நானும் முதல்முறை கேட்பது போலத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்துக்குப் போனேன். கூடத்தில் பிரியாணிப் பாத்திரம் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தம்பி சட்டென்று மூடினான்.

"மூடாதடா. நான் அதுக்கு வரல" என்றேன். அதுவே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான்.

சொன்னேன். சோதனை முடிவைச் சொன்னேன், வகுப்பில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்ததைச் சொன்னேன். அதுவரை கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் நாற்காலியைக் கேட்டதும் வெடித்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "இதத்தான் மேடவாக்கத்துல எனக்கு இலையில போட்டுக் காமிச்சியா?" என்றான். நானும் சிரித்தேன். வேறு வழியில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவள், "கால இப்படி நீட்டு" என்றாள். நீட்டினேன். குனிந்து குதிகாலைத் தடவினாள்.

"அவருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். "ஆபீஸ் ஷூ போட்டாலே கடிக்கும். பின்பக்கத்த மிதிச்சு மடக்கி, ஸ்லிப்பர் மாதிரி இழுத்துட்டுப் போவார். ஷூவக் கெடுக்கிறீங்களேன்னு தெனம் திட்டுவேன். கடைசி நாள் காலையில கூடத் திட்டினேன்."

தம்பியின் சிரிப்பு அடங்கிப்போனது. அவனுக்கு அப்பாவின் முகமே சரியாக நினைவில்லை. அப்பா இறந்தபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். அம்மா என் காலை விடவில்லை. அவள் கை அங்கேயே இருந்தது. அவரைத்தான் தொடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. என் கால் என்பதால் அதை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் அம்மாவே, "போய்ச் சாப்பிடு. தயிர்ப்பச்சடி இருக்கு" என்றாள்.

தம்பி மறுநாளே ரத்தம் கொடுத்தான். மாலையில் போன் வந்தது. "அக்கா, நான் பாஸ்!" எல்.டி.எல். நார்மல். ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு மட்டும் சற்று அதிகம், அது பிரியாணியும் இனிப்பும் கொடுத்த வரவு, குறைத்துக்கொள்ளலாம். அத்தனை வருடம் அவனை மிரட்டினேன். அப்பாவின் மரபணு அவனை விட்டுவிட்டு, கொள்ளு ரசம் குடிக்கிற என்னிடம் வந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டுவிட்டுத் திடீரென்று, "ஹார்ட்டப் பாத்தியா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "என்ன அக்கா நீ? ஊருக்கெல்லாம் சொல்ற!" என்று கத்தினான். அவன் என்னைத் திட்டியது அதுதான் முதல்முறை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, என்னை அழைத்துப்போய், எல்லாச் சோதனையும் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தான். ஒரு குழாயில் லேசான படிவு இருந்தது. பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்றார்கள். வெளியே வந்து பார்த்தால் அவன் கையில் சமோசா. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். தின்றேன்.

மிச்சமிருந்தது என் மகள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தோழிகளோடு அங்கேயே வீடு எடுத்திருக்கிறாள், வார இறுதியில் வருவாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். மரபணு, ஏற்பி, பாதிக்குப் பாதி என்று படிப்படியாக. அவள் ஷூவைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். சோதித்தாள். அவளுக்கும் இருந்தது.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் பின்னால் வந்து குழாயை மூடினாள்.

"மா, தண்ணி வீணாப் போகுது. மாத்திரை இருக்குல்ல? தாத்தாவுக்கு இல்ல. எனக்கு இருக்கு. அவ்ளோதான்."

"என்னாலதான்டி வந்தது உனக்கு."

"உன் மூக்கும்தான் எனக்கு வந்திருக்கு. அதுக்கு என்னைக்காவது அழுதியா?"

டாக்டர் அவளுக்கும் மாத்திரை எழுதினாள். பிற்காலத்தில் குழந்தைக்குத் திட்டமிடும்போது முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும், அந்தச் சமயத்தில் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும் என்றாள். குழந்தை என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை நேராகக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. நாங்கள் அப்போதுதான் அவளுக்கு வரன் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்வதா? வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் மெதுவாக, "முதல்லயே சொல்லணும்னு இல்ல. பேசிப் பழகினதுக்கு அப்புறம் சொல்லலாம். இது என்ன, வெளியில தெரியற நோயா?" என்றேன். விஞ்ஞானம் படித்த வாய்தான் இதைச் சொன்னது. அவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே, "நான் அவன்கிட்டச் சொல்லிட்டேனே" என்றாள்.

"எவன்கிட்ட?"

அப்போதுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. போனைக் கீழே வைத்தாள். கணவர் பேப்பரை மறுபடி உயர்த்திக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்தப் பேப்பர் போன உயரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. கூட வேலை பார்க்கிற பையனாம். அவனிடம் சொன்னதற்கு அவன், "எனக்குப் பவர் கண்ணாடி, உனக்குக் கொலஸ்ட்ரால். சரி" என்றானாம். பிறகு வீட்டுக்குப் போய் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் படித்துவிட்டு, மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்த அவள் போனில் ஒரு அலாரம் வைத்துக் கொடுத்தானாம்.

அடுத்த ஞாயிறு காலை டிபனுக்கு அவனை வரச் சொன்னோம். கோபமாக இருப்பதா, அம்மாவாக இருப்பதா என்று முடிவு செய்ய முடியாமல், பொங்கலும் வடையும் செய்தேன். வடையை எண்ணெயில் பொரித்தேன். டீஸ்பூன் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. என் வீட்டு அடுப்பில் அவ்வளவு எண்ணெயை முதல்முறை பார்த்த கணவர் சமையலறை வாசலை விட்டு நகரவே இல்லை.

பையன் ஒல்லியாக, பெரிய கண்ணாடியோடு வந்தான். உட்காரச் சொன்னேன். பெற்றோரைப் பற்றி விசாரித்தேன், ஊரைப் பற்றி விசாரித்தேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வாய் தானாகப் பழகிய இடத்துக்குப் போனது.

"தம்பி, நீங்க லிப்பிட் ப்ரொஃபைல் பாத்திருக்கீங்களா?"

மேசைக்குக் கீழே கணவர் என் காலை மிதித்தார். மகள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் மட்டும் பயப்படாமல், கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தான்.

"இல்ல ஆன்ட்டி. நீங்க ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனாலும் போவீங்கன்னு இவ சொன்னா. அதனால நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடாமத்தான் வந்திருக்கேன்."

பசியில் அவன் கண் வடைத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. தட்டை அவன் பக்கம் தள்ளினேன். "மொதல்ல சாப்பிடுங்க. அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவன் ஒரு வடையை எடுத்தான். மகளும் எடுத்தாள். என் கணவர் அதற்குள் இரண்டு எடுத்திருந்தார்.